இரண்டு முறை வெந்த இறால்

பக்கத்து வீட்டிலிருந்து வேகவைத்த இறால் வந்தால் அதை என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியே சோற்றில் வைத்தால் என் மகள் ஜோவி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆறு வயதுதான் ஆகிறது, நாக்கு மட்டும் அறுபது வயதுக்கு நீளம். பொரிக்க வேண்டும், கடித்தால் சத்தம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். அந்தப் பாழாய்ப்போன பக்குவம் எனக்குக் கைவந்ததை நினைத்து நான் எத்தனை நாள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அன்று காலை ஆறரை மணிக்கு மானாங் பிரிமிங் வேலி இடுக்கு வழியாகக் கிண்ணத்தை நீட்டினார். என் கணவர் டுலோவின் அண்ணன் ஆம்போவுக்கு வாழ்க்கைப்பட்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அவர் மானாங், அக்கா; அவர் கணவர் மானோங், அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலியும் அவர் வளர்க்கும் ஒன்பது வாத்துகளும்தான்.

"இந்தா மினா. நாப்பது இருக்கும். வேகவச்சுட்டேன், எங்க இன்டாய் ஜோவிக்குப் பொரிச்சுக் குடு."

"உங்களுக்கு எடுத்து வச்சீங்களா மானாங்?"

"நல்லாக் கேட்ட போ. இறால் தின்னா எனக்கு உடம்பெல்லாம் தடிக்கும்னு தெரியாதா உனக்கு? உன் மச்சான் விடிய முன்னாடியே ஒரு கிண்ணம் முடிச்சுட்டாரு. இப்ப ஊஞ்சல்ல சாஞ்சிருக்காரு, கள்ளு வேற."

நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எங்கள் கடலில் மூன்று வாரமாகச் சிவப்புத் தண்ணி. பெயரில்தான் சிவப்பு, பார்க்கக் கடல் எப்போதும் போலத்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் சிப்பிக்குள் விஷம் ஏறிவிடும். தினமும் சாயங்காலம் ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகப் போகும். சிப்பி, மட்டி எதையும் தொடாதீர்கள். மீன், இறால், நண்டு சாப்பிடலாம், தலையையும் குடலையும் எடுத்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். ஜோவிக்கே அது மனப்பாடம், பொம்மைக்குச் சோறு ஊட்டும்போது அதே குரலில் சொல்லுவாள். சிப்பி வளர்த்துப் பிழைக்கிற எங்கள் குடும்பங்களுக்கு அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே வயிறு எரியும். ஆனாலும் இறால் வந்திருக்கிறது, இறாலுக்குத் தடை இல்லை. அத்தோடு என் யோசனை முடிந்துவிட்டது.

சொன்னபடியெல்லாம் செய்தேன். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளினேன், முதுகைக் கீறி கறுப்பு நரம்பை உருவினேன், மூன்று தண்ணீரில் அலசினேன். வெந்த இறாலில் தண்ணீர் ஒளிந்திருக்கும், ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் மூஞ்சியில் வெடிக்கும். அதனால் பழைய துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போட்டு அழுத்தி அழுத்தி ஒற்றினேன். உப்பு, மிளகு, முட்டையின் வெள்ளை, அப்புறம் சோள மாவு. எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு ஐந்தைந்தாகப் போட்டு, நாற்பது எண்ணுவதற்குள் எடுத்தேன். ஏற்கெனவே வெந்தது, அதற்கு மேல் விட்டால் செருப்புத் தோல்தான்.

ஜோவி அடுப்படியிலேயே உட்கார்ந்து மிளகாய் ஊறிய காடியில் தோய்த்துத் தோய்த்துத் தின்றாள். பதினாறு தின்றாள். நான் உப்புப் பார்க்கிற சாக்கில் ஐந்து வாயில் போட்டேன். வாய்ப்புண் வந்து இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்ததால் காடியைத் தொடவில்லை. மானாங் வேகவைத்த எதிலும் அதற்கு முன் அப்படி ஒரு ருசி வந்ததே கிடையாது. பெண்மணி இன்றைக்கு ஏதோ மனசு வைத்துச் சமைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். டுலோவுக்கென்று மீதியை மூடி வைத்தேன். அவர் சிப்பி வளர்க்கிற மூங்கில் கம்பங்களைச் சரிபார்க்கக் கடலுக்குப் போயிருந்தார்.

எட்டு மணி இருக்கும். ஜோவி வாசலில் நின்று உதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவான என்னை அவள் நானாய் என்பாள்.

"நானாய், உதட்டுல எறும்பு ஊருது."

"காடியைக் கிண்ணத்தோட குடிச்சா ஊராம என்ன செய்யும்? தண்ணி குடி."

"அப்படி இல்ல நானாய், தண்ணி குடிடா தங்கம்னு சொல்லணும்," என்று என்னையே திருத்தினாள் அவள். வாய் அப்படி. குடித்தாள். குடித்த தண்ணீரில் பாதி ஓரமாக வழிந்தது. நான் சட்டையைத் துடைத்துவிட்டு இரண்டு வார்த்தை திட்டவும் செய்தேன்.

பாத்திரம் கழுவும்போது என் கீழுதடு மரத்தது. பல்லால் கடித்துப் பார்த்தேன், கடிப்பது தெரியவில்லை. காடியிலிருந்த மிளகாய்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் போனேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது, நான் காடியைத் தொடவேயில்லை. கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. எங்கள் கரையில் பிறந்த யாருக்கும் உதடு மரத்தால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

ஜோவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன்.

மானாங் துடைப்பத்தோடு முற்றத்தில் நின்றிருந்தார். வாத்துகள் மண்ணில் கிடந்தன. இரண்டு மூன்று இன்னும் செத்திருக்கவில்லை. உடம்பு எழுந்திருக்கப் பார்க்கிறது, கழுத்து மட்டும் கயிறு மாதிரித் தரையில் கிடக்கிறது.

"என்னன்னே தெரியல மினா. நேத்து ராத்திரிகூட கொத்திட்டுத் திரிஞ்சுதுங்க."

"என்ன போட்டீங்க வாத்துக்கு?"

மானாங் துடைப்பத்தைப் பார்த்தார்.

"மானாங், உங்களைத்தான். என்ன போட்டீங்க?"

"சிப்பி." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவருதான் ஒரு வாளி அள்ளிட்டு வந்தாரு. கம்பத்துல பாரம் தாங்காம அறுந்து விழுதாம். மனுஷந்தானே திங்கக் கூடாது, வாத்துக்கு என்ன வந்துச்சுன்னாரு. அவிச்சுப் போட்டேன்."

"இறாலை எதுல வேகவச்சீங்க?"

அவர் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன். அப்போதுதான் அவருக்கே புரிகிறது.

"அந்தத் தண்ணியிலதான் மினா. அவ்வளவு நல்ல தண்ணி, கீழ ஊத்த மனசு வரல. நல்லாக் கொதிச்ச தண்ணிதானே. கொதிச்சா எல்லாம் செத்துடும்ல?"

எங்கள் ஊரில் சிப்பி வெந்த தண்ணீரை எவளும் கொட்ட மாட்டாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைத்தான் கொடுப்போம். காய்ச்சலில் கிடப்பவனுக்கு அதுதான் கஞ்சி. விஷம் சதையில் இருக்கும், தண்ணீருக்குள் என்ன இருக்கப் போகிறது என்று அன்றுவரை நானும் நினைத்துக்கொண்டிருந்தவள்தான். என் வீட்டில் அந்தப் பானை கொதித்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். இதை இப்போது சொல்ல முடிகிறது. அப்போது அவரை வாழ்க்கையில் முதல்முறையாக 'நீ' என்றேன். நீ விளங்குவியா, என் பிள்ளையைக் கொன்னுட்டியேடி என்றேன். தெருவே கேட்டது.

மானாங் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார், நானும் பின்னாலேயே போனேன். ஊஞ்சலில் மானோங் ஆம்போ சாய்ந்திருந்தார். கள்ளு மயக்கம் என்று மானாங் நினைத்தது கள்ளு மயக்கமில்லை. கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்தது. மானாங் அவர் கையைத் தூக்கினார், விட்டதும் தொப்பென்று விழுந்தது. மனிதருக்கு எல்லாம் தெரிகிறது, எதையும் அசைக்க முடியவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்ததும் இடுப்பிலிருந்த ஜோவியை நான் இறுக்கிய இறுக்கில் அவள் முனகினாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் இவளும் இப்படித்தான் என்னைப் பார்ப்பாளா என்று ஒரு எண்ணம் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கம்பக்கம் கூடிவிட்டது. யாரோ தேங்காய்ப் பாலில் வெல்லம் கரைத்துக் கொண்டுவந்தார்கள். சிவப்புத் தண்ணிக்கு அதுதான் மருந்து என்று எங்கள் கரையில் வழிவழியாக ஒரு நம்பிக்கை. "ஊத்து, ஊத்து, விஷம் முறியும்" என்றார்கள். நானும் ஜோவியின் வாயில் ஊற்றினேன். விழுங்க அவளால் முடியவில்லை. பால் மூக்கு வழியாக வந்தது. இருமக்கூட முடியாமல் கண்ணை அகல விரித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் அடித்தேன். என் கையாலேயே அவளை முடித்துவிட இருந்தேன், இன்னும் ஒரு கரண்டி போயிருந்தால் போதும்.

யாரோ கரையிலிருந்து கத்திக் கூப்பிட, டுலோ படகிலிருந்து குதித்து ஓடிவந்தார். எதுவும் கேட்கவில்லை, வாத்துகளைப் பார்த்தது அவருக்குப் போதுமாயிருந்தது. பைக்கின் பக்கத்தில் பெட்டி கட்டிய டிரைசைக்கிளைக் கிளப்பினார். பக்கப்பெட்டியில் நானும் ஜோவியும். பின் இருக்கையில் மானோங் ஆம்போவைத் தன் உடம்போடு துண்டால் கட்டிக்கொண்டு மானாங். நகரத்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிஷம்.

அந்த நாற்பது நிமிஷத்தில் நான் ஜோவியைப் பேசவைத்துக்கொண்டே வந்தேன். பேச்சு இருந்தால் மூச்சு இருக்கிறது.

"உன் டீச்சர் பேரு என்ன?"

"தெ... தெரியும்."

"தெரிஞ்சா சொல்லு."

"நானாய், நான் மிதக்குறேன்."

"எங்கயும் மிதக்கல, என் மடியிலதான் இருக்க. டீச்சர் பேரு?"

"மிதக்குறேன். கால் எங்க போச்சு?"

அதற்கப்புறம் அவள் சொன்னது எதுவும் வார்த்தையாக வரவில்லை. தலை என் தோளில் சரிந்தது. அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். காற்று வருகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதற்குள் என் விரலும் மரத்திருந்தது. அந்த நேரத்தில் நான் பட்டது எதிரிக்கும் வேண்டாம். கன்னத்தை அவள் மூக்கில் ஒட்டினேன், கன்னமும் மரத்திருந்தது. கடைசியில் என் கண்ணிமையை வைத்தேன். சூடாக, துளி போலக் காற்று பட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா. என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எத்தனை என்று மளமளவென்று கேட்டார். பதினாறு என்றேன். என் நாக்கு தடித்துப்போயிருந்ததால் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

"இந்த விஷத்துக்கு மாத்து மருந்து கிடையாதும்மா. மூச்சு விடுற தசையை அது கட்டிப்போட்டுடும். தானா அவுக்கற வரைக்கும் நாம அவளுக்காக மூச்சு விடணும், அவ்வளவுதான். எத்தனை மணி நேரம்னு சொல்ல முடியாது."

மெஷின் இரண்டுதான் இருந்தது, இரண்டிலும் வேறு உயிர்கள். ஜோவியின் தொண்டையில் குழாயைச் செருகி அதன் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டினார்கள். மானோங் ஆம்போவுக்கு இன்னொன்று. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அந்தப் பையை அமுக்குவது சொந்தக்காரர்கள் வேலை. நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். "அமுக்கு, விடு, ரெண்டு எண்ணு. அமுக்கு, விடு, ரெண்டு எண்ணு. ரொம்ப அழுத்தினா நெஞ்சு கிழியும், ரொம்ப மெதுவா அமுக்கினா மூளைக்குக் காத்து போகாது."

பையை நான்தான் முதலில் வாங்கினேன். விரல்கள் மடங்கவில்லை. அமுக்கினேன் என்று நினைத்தேன், பை அப்படியே இருந்தது. நர்ஸ் என் கையிலிருந்து பிடுங்கி டுலோவிடம் கொடுத்தாள். என்னைப் பக்கத்துக் கட்டிலில் தள்ளி மூக்கில் குழாயை மாட்டினார்கள். பெற்ற பிள்ளைக்கு ஒரு மூச்சு கொடுக்க வக்கில்லாத கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கிடந்தேன். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான், அவள் நெஞ்சு ஏறுகிறதா என்று பார்ப்பது. ஏறியது. இறங்கியது. ஏறுவதற்குள் ஒவ்வொரு தடவையும் நான் செத்தேன்.

அந்தப் பக்கம் மூன்றாவது கட்டிலில் மானாங் தன் கணவருக்கு அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை, பொய் சொல்வானேன்.

மதியம் ஒரு மணிக்கு அந்தக் கட்டிலைச் சுற்றி ஆட்கள் ஓடினார்கள். திரையை இழுத்தார்கள். மானோங் ஆம்போவுக்கு இருதயம் முன்பே பழுது, அதோடு அவர் கிண்ணம் கிண்ணமாக அந்தத் தண்ணீரையும் குடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் திரைக்குள் சத்தமெல்லாம் அடங்கியது. டுலோ அழுதுகொண்டே அமுக்கினார். கூடப் பிறந்த அண்ணன் பத்தடி தூரத்தில் போய்விட்டார், எழுந்து போய் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையை விட்டால் மகள் இல்லை. ஒரு மூச்சு அரைகுறையாகப் போயிற்று. அடுத்ததும் அரைகுறை. நான் கத்தினேன், எனக்கு மட்டும்தான் கேட்டது.

திரை விலகியது. மானாங் வெளியே வந்தார். அழுகை இல்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை. வலது கை இன்னும் பையைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது. நேராக ஜோவியின் கட்டிலுக்கு வந்தார்.

"நகரு டுலோ. போய் உன் அண்ணனைப் பாரு."

"மானாங், நீங்க..."

"என் கைக்கு இப்ப வேலை இல்ல. நகரு."

டுலோ என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்ட முயன்றேன். வேண்டாம் என்று ஆட்டத்தான். இந்தப் பெண்மணி வேகவைத்ததைத் தின்றுதான் என் பிள்ளை இப்படிக் கிடக்கிறாள். இப்போது புருஷனைப் பறிகொடுத்த கையோடு வந்து நிற்கிறாள், எண்ணிக்கை தப்பாதா, மனசு பேதலிக்காதா, என் புருஷனுக்கில்லாத உயிர் உனக்கு எதற்கு என்று ஒரு நொடி தோன்றிவிட்டால் என்ன செய்வேன். இப்படியெல்லாம் நினைத்தேன். கழுத்து அசையவில்லை. டுலோ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பையைக் கொடுத்துவிட்டார்.

நாலரை மணி நேரம். அத்தனை நேரமும் நான் மானாங்கின் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அமுக்கு, விடு, ரெண்டு எண்ணு. இடையில் டுலோ வந்து மாற்றிக்கொள்வதாகச் சொன்னபோதெல்லாம் "இரு" என்றார், அவ்வளவுதான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து ஜோவியின் போர்வையில் சொட்டியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் கண் அந்தத் திரைப் பக்கம் போய் அங்கேயே நின்றது. கை நிற்கப் போகிறது என்று நினைத்தேன். கண் அங்கேயே இருந்தது, கை எண்ணிக்கை பிசகாமல் அமுக்கியது.

ஐந்தரை மணிக்கு அவர் கை திடீரென்று நின்றது.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது.

"இரு மினா," என்றார் மானாங். "இவ இழுக்குறா. என் கையை எதிர்த்து இழுக்குறா, பாரு."

பை தானாகக் கொஞ்சம் சுருங்கி உப்பியது. யாரும் அமுக்கவில்லை. மறுபடி சுருங்கியது. போர்வைக்கு வெளியே ஜோவியின் கால் கட்டைவிரல் ஆடியது. டாக்டரம்மா ஓடிவந்து குழலை நெஞ்சில் வைத்துக் கேட்டார், விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தார், இன்னொரு தடவை கேட்டார்.

"ஆரம்பிச்சுட்டா. இன்னும் பலம் வரணும், ஆனா அவளே ஆரம்பிச்சுட்டா. நீங்க விடுங்கம்மா, இனி நர்ஸ் பாத்துக்குவாங்க."

மானாங் விடவில்லை. நர்ஸ் பையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அவர் விரல்கள் அதைச் சுற்றி அப்படியே இருந்தன.

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய் அவர் கை மேல் என் கையை வைத்தேன். என் விரலுக்கு அதற்குள் கொஞ்சம் உணர்வு வந்திருந்தது. அவர் கை ஐஸாக இருந்தது.

"மானாங், போதும். அவ மூச்சு விடுறா. விடுங்க."

"கொஞ்ச நேரம் வச்சுக்கிறேன் மினா," என்றார், என்னைப் பார்க்காமல். "இதை விட்டா நான் எந்திரிச்சு அவரைப் பாக்கப் போகணும்."